முட்டி வலின்னு மட்டும் சொல்லிடாதீங்க

உட்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி வாங்க. மொதத் தடவையா? தெரியுது. மொதத் தடவை வர்ற ஆம்பளைங்க எல்லாரும் சுவத்துல மாட்டியிருக்கற அந்தப் படத்தைப் பாப்பாங்க. என்ன படம்னு புரிஞ்சதும் டக்குனு ஃபேனைப் பாப்பாங்க. நீங்களும் இவ்வளவு நேரமா ஃபேனைத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்க. அது ஓடலைங்கறத கவனிச்சீங்களா?

உள்ள போயிருக்கறது உங்க வீட்டம்மாவா? சரி சரி. முக்கால் மணி நேரம் ஆகும். ரெஹானா டாக்டர் நல்ல பொண்ணு, பிசியோதெரபி படிச்சது, பொறுமையா சொல்லிக்கொடுக்கும். நான் உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. ஊர்ல யாராவது "எதுக்கு வாராவாரம் மதுரைக்குப் போறீங்க"ன்னு கேட்டா, முட்டி வலின்னு மட்டும் சொல்லிடாதீங்க. பல்லுன்னு சொல்லுங்க, காதுன்னு சொல்லுங்க. முட்டி வேண்டாம் சார். அனுபவத்துல சொல்றேன்.

எம்பேரு திரவியம். அருப்புக்கோட்டை. ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். இன்னிக்கும் நான் ரோட்டுல நடந்தா, மீசை வச்ச ஆளுங்க கூட முதுகை நிமித்திக்குவாங்க. அந்த மரியாதைய வச்சுத்தான் நான் எல்லாத்தையும் சமாளிச்சேன். இல்ல, சமாளிச்சேன்னு நினைச்சேன்.

என் சம்சாரம் பேரு மங்கையர்க்கரசி. அரசின்னு கூப்பிடுவோம். அவளுக்கு மார்புல கட்டி வந்துச்சு. கேன்சர்தான். ஆபரேஷன் பண்ணி ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. அப்புறம் கீமோ, முடியெல்லாம் போச்சு. அப்புறம் ரேடியேஷன்னு கரண்ட் வச்சாங்க. எல்லாத்தையும் தாங்கிட்டா சார், ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. இப்ப ஊர்ல என்ன வியாதின்னு கேப்பாங்கல்ல? மார்புன்னு எப்படி சார் சொல்றது? நான் பி.டி. வாத்தியார், எனக்குன்னு ஒரு இது இருக்கு. தோள்பட்டையில கட்டின்னு சொல்லிட்டேன். எல்லாரும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டு வந்து அவ தோளைப் பாத்துட்டுப் போனாங்க. பிரச்சினை இல்லாம முடிஞ்சுது. அதுதான் எனக்குத் தைரியம் கொடுத்துடுச்சு.

எல்லாம் முடிஞ்சு, இனிமே வருஷக்கணக்கா ஒரு மாத்திரை போடணும்னாங்க. அது கேன்சரைத் திரும்ப அண்டவிடாதாம். ஆனா பொம்பளைங்க உடம்புல இயற்கையா சுரக்கற ஹார்மோனை வத்த வச்சிடுமாம். அதனால கீழ எல்லாம் வறண்டு, தளர்ந்து, வலி வேற. இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. நான் பாத்தது ஒண்ணுதான், அவ சிரிக்கறத விட்டுட்டா.

அரசி சிரிப்பைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. அது சிரிப்பில்ல சார், அது ஒரு தொந்தரவு. எங்க வீட்டுல அவ சிரிச்சா மூணாவது வீட்டுக்காரன் டி.வி. சத்தத்தைக் கூட்டுவான். சாவு வீட்டுல கூட ரெண்டு தடவை சிரிச்சிருக்கா. நான் கண்ணாலயே அடக்குவேன், அடங்க மாட்டா. அப்படிப்பட்டவ, யாராவது வேடிக்கையா பேசினா எழுந்து உள்ள போயிடுவா. வெளிய எங்கயும் வர்றதில்ல. நான் என்ன நினைச்சேன்னா, நோய்ல அடிபட்டுப் பக்குவமாயிட்டான்னு. மூணாவது வீட்டுக்காரன் கூட, "அம்மா இப்ப ரொம்ப அமைதியாயிட்டாங்க சார்"னு சொன்னான். எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு.

செக்கப்புக்குப் போனப்ப கேன்சர் டாக்டரம்மா கேட்டாங்க, "வேற எதுவும் தொந்தரவு இருக்காம்மா?"ன்னு. வழக்கம்போல நான்தான் பதில் சொன்னேன், "ஒண்ணுமில்ல டாக்டர், நல்லா இருக்கா." அவ்வளவுதான். முடி போனப்ப அழாதவ, அங்க உட்கார்ந்து ஓன்னு அழுதா. "எனக்குச் சிரிக்க முடியல டாக்டர். சிரிச்சா நனைஞ்சு போகுது. தும்மினா நனையுது. என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்காங்க. நாலு சனத்தைப் பாக்கணும், வாய்விட்டுச் சிரிக்கணும், நனையாம வீட்டுக்கு வரணும். எனக்கு அது போதும்"னா. நான் ஃபேனைப் பாத்தேன். அங்க ஃபேன் ஓடிக்கிட்டிருந்துச்சு.

அப்படித்தான் இங்க அனுப்பினாங்க. இடுப்புக்கு அடியில தாங்கிப் பிடிக்கிற தசைக்குப் பயிற்சி. பயிற்சின்னதும் எனக்கு உற்சாகம் வந்துடுச்சு. நம்ம டிபார்ட்மெண்ட் ஆச்சே! ஊர் போய்ச் சேந்ததும் மறுநாள் காலையிலயே பாய விரிச்சு, அவளைப் படுக்க வச்சு, விசிலை எடுத்தேன். ஒரு விசிலுக்கு இறுக்கு, ரெண்டு விசிலுக்கு விடு. ஊதறேன். அவ மேல பாத்துக்கிட்டுப் படுத்திருக்கா. மறுபடி ஊதறேன். அப்படியே படுத்திருக்கா. "ஏய், செய்யறியா இல்லையா?"ன்னேன். "செஞ்சுக்கிட்டுத்தாங்க இருக்கேன்"னா.

என் நிலைமைய யோசிச்சுப் பாருங்க சார். கிரவுண்டு அந்தக் கோடியில ஒருத்தன் முழங்கையை மடக்கினாக் கண்டுபிடிச்சிருக்கேன். இந்த ஒரு பயிற்சி செய்யறாளா, ஏமாத்தறாளா, தப்பா செய்யறாளா, ஒண்ணும் தெரியல. உலகத்துல வாத்தியாரால பாக்கவே முடியாத பயிற்சின்னு ஒண்ணு இருக்கறது எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அடுத்த வாரம் ரெஹானா டாக்டர்கிட்ட அவ போட்டுக்கொடுத்துட்டா. அந்தப் பொண்ணு என்னைக் கூப்பிட்டு, "சார், மூச்சைப் பிடிக்காம, அவசரமில்லாம செய்யணும். இறுக்கறது எவ்வளவு முக்கியமோ தளர்த்தறதும் அவ்வளவு முக்கியம். விசில் சத்தம் கேட்டா அம்மாவுக்கு உடம்பே விறைச்சுப் போகுது"ன்னுச்சு. சிரிப்போ தும்மலோ வரப்போகுதுன்னு தெரிஞ்சா அதுக்கு ஒரு நொடி முன்னாடி இறுக்கிக்கணும், அதுதான் சூட்சுமம்னு சொல்லிக்கொடுத்துச்சு. இன்னும் சில விஷயம் எங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டுக் கேட்டுச்சு. அதை விடுங்க. உங்களையும் கேக்கும்.

விசில் நின்னுபோச்சு. ஆனா தெருவுல கேட்டவங்க கேட்டுட்டாங்க. எதிர்வீட்டு ஜெயராணி வாசல்லயே பிடிச்சுக்கிட்டா. "என்ன சார், காலையில விசில் சத்தம்? வாராவாரம் மதுரைக்கு வேற போறீங்களாம்?" அந்த நேரத்துல வாய்ல என்ன வரும்? "முட்டிக்குப் பயிற்சிம்மா"ன்னுட்டேன். போன தடவை ஒரு அடி மேல ஏத்திச் சொன்னது பலிச்சுது. இந்தத் தடவை ஒரு அடி கீழ இறக்கிச் சொன்னேன். கணக்கு சரிதானே?

சார், தமிழ்நாட்டுல முட்டி வலின்னு சொல்லக்கூடாது. கேன்சருக்கு யாரும் வைத்தியம் சொல்ல மாட்டாங்க, பயந்துக்குவாங்க. முட்டிக்கு எல்லாரும் டாக்டர். அன்னிக்கு மத்தியானமே ஜெயராணி முடக்கத்தான் ரசம் கொண்டாந்தா. மறுநாள் யாரோ முடக்கத்தான் தோசை. அதுக்கு மறுநாள் முடக்கத்தான் அடை. பிரண்டைத் துவையல் ஒரு தூக்குல வரும், ஆட்டுக்கால் சூப்பு இன்னொரு தூக்குல வரும். மூணாவது வீட்டுக்காரன் கொல்லிமலை வரைக்கும் போய் முடவாட்டுக்கால் கிழங்கு கொண்டாந்தான். ஒருநாள் லீவு போட்டுட்டுப் போயிருக்கான் சார், அவ சத்தத்துக்கு டி.வி.யைக் கூட்டினவன். அரசி வாயில வைக்க மாட்டேன்னுட்டா. "எனக்கு எதுக்கு? எனக்கா முட்டி வலி?"ன்னு. அத்தனையும் நான்தான் தின்னேன். இப்ப என் முட்டி எப்படி இருக்குங்கறீங்க? உட்கார்ந்து எந்திரிச்சுக் காட்டவா? வேண்டாமா? சரி.

சாப்பாட்டோட போச்சா? ஒருநாள் அவ மளமளன்னு நடந்து கடைக்குப் போறத ஜெயராணி பாத்துட்டா. "முட்டி வலின்னீங்க?" அன்னிக்கு ராத்திரியே ஹால்ல வச்சு அரசிக்கு நொண்டறதுக்குப் பயிற்சி கொடுத்தேன். இது கண்ணுக்குத் தெரியற பயிற்சி, எனக்கு நிம்மதியா இருந்துச்சு. "வலதை ஊணு, இடதை இழு. ஊணு, இழு." அவ நின்னுட்டா. "உடம்புல நோவு இல்லாம மிச்சம் இருக்கறது இந்த ரெண்டு காலுதாங்க. அதையும் நொண்டச் சொல்றீங்களே"ன்னா. என் மானத்துக்காகன்னு கெஞ்சினேன். சரின்னு நொண்டினா. ஆனா ஈடுபாடு இல்லாத மாணவி சார். ஒரு நாள் இடதை இழுப்பா, ஒரு நாள் வலதை இழுப்பா. ஜெயராணி கேக்கறா, "முந்தாநாள் அந்தக் காலு, இன்னிக்கு இந்தக் காலா?" நான், "வலி மாறி மாறி வருதும்மா"ன்னேன். சாயங்காலத்துக்குள்ள அரசிக்கு ரெண்டு காலும் விளங்கலையாம்னு ஊர் பூரா பரவிடுச்சு.

என் மச்சான், அவ அண்ணன் குருசாமி, கல்யாண வேலைய எல்லாம் போட்டுட்டு ஓடிவந்துட்டார். நல்ல மனுஷன், தங்கச்சின்னா உயிரு. ஒரு பாட்டில் எண்ணெயோட வந்தார். நொச்சி, எருக்கு, இன்னும் என்னென்னவோ போட்டு அவரே காய்ச்சினது. மோந்து பாத்தா நமக்கே கால் இழுத்துக்கும். "மாப்பிள்ளை, என் தங்கச்சி இல்லாம என் வீட்டுக் கல்யாணம் கிடையாது. மண்டபம் மாடியில, லிஃப்டு இல்ல. ஆனா அவ காலு ஒரு படியில படாது. அது என் பொறுப்பு"ன்னார். கண்ணெல்லாம் கலங்கிடுச்சு அவருக்கு. அந்த நேரத்துல போய் உண்மைய எப்படி சார் சொல்றது? அரசி என்னையே பாத்தா. நான் எண்ணெய் பாட்டிலப் பாத்தேன்.

கல்யாணத்தன்னிக்கு அவ நல்ல அரக்குப் பட்டு கட்டியிருந்தா. முடி அப்பத்தான் காது வரைக்கும் வளந்திருந்துச்சு, அதுல எப்படியோ ஒரு முழம் மல்லிகைய நிக்க வச்சிருந்தா. ரெஹானா டாக்டர் "போய்ட்டு வாங்கம்மா, நீங்க ரெடி"ன்னு சொல்லியிருந்துச்சு. ஆனாலும் அவளுக்குப் பயம். மண்டபத்து வாசல்ல என் கையைப் பிடிச்சா. "எல்லாரும் இருக்கற இடத்துல ஆயிடுச்சுன்னா இனிமே நான் வீட்ட விட்டே வரமாட்டேங்க"ன்னா. நான், "மொதல்ல நொண்டு, எல்லாரும் பாக்கறாங்க"ன்னேன்.

நொண்டவே விடல சார். மச்சான் பசங்களும் அவங்க கூட்டாளிகளும் தயாரா நிக்கறாங்க. எதோடங்கறீங்க? ரிசப்ஷனுக்குப் பொண்ணு மாப்பிள்ளைக்குப் போடுவாங்கல்ல, சிவப்பு வெல்வெட்டு, ரெண்டு பக்கமும் தங்கக் கலர்ல சிங்கத்தலை, அந்தச் சிம்மாசனம். சாதா நாற்காலியில அத்தையைத் தூக்கினா மரியாதை இல்லையாம். வேண்டாம் வேண்டாம்னு அவ சொல்லச் சொல்ல உட்கார வச்சுத் தூக்கிட்டாங்க. படி குறுகல். நாலு பேரும் நாலு பக்கம் இழுக்கறான். சிங்கம் ஒரு பக்கம் சாயுது. அரசி சிங்கத்தோட காதைப் பிடிச்சுக்கிட்டு அந்தரத்துல போறா. கீழ நின்னுக்கிட்டு நான் என்னையறியாம "லெஃப்ட், ரைட், லெஃப்ட்"னு சொல்லிக்கிட்டிருக்கேன், பழக்கம்.

படி திரும்பற இடத்துல மேளக்காரர் உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, சிம்மாசனம், சுத்தி இளவட்டப் பசங்க. அவருக்கு என்ன தோணியிருக்கும்? கெட்டிமேளம் அடிச்சுட்டார்! கெட்டிமேளம் கேட்டா நம்ம சனத்துக்குக் கை நிக்குமா? யாருக்கு என்னன்னு பாக்காம அத்தனை பேரும் அட்சதையைப் போடறாங்க, அரசி தலையில. மேல மேடையில மாப்பிள்ளை பதறிப்போய்த் தாலியைத் தூக்கிட்டானாம். ஐயர் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு "இன்னும் நேரம் வரலப்பா"ன்னு கத்தறாராம். கூட்டத்துல ஒரு பெரியம்மா என்னைப் பாத்து, "நீயும் ஏறுப்பா, நீ ஏன் கீழ நிக்கற?"ங்குது.

அரசி முகம் மாறிச்சு சார். எனக்குத் தெரியும் அந்த முகம். சிரிப்பு கிளம்பிடுச்சு, வயித்துக்குள்ளேருந்து. ஒரு வருஷச் சிரிப்பு. நான் வேண்டாம், வேண்டாம்னு கையைக் காட்டறேன். அவ கண்ணை மூடினா. மூச்சைப் பிடிக்கல, அவசரப்படல. முகத்துல என்னமோ ஒண்ணு கூடி நின்னுச்சு. அப்பத்தான் சார் வாழ்க்கையில மொதத் தடவையா அந்தப் பயிற்சிய நான் கண்ணால பாத்தேன். சுத்தமா செஞ்சா. நூத்துக்கு நூறு போடுவேன்.

அப்புறம் சிரிச்சா. யப்பா! மண்டபமே நின்னுபோச்சு. மேளம் நின்னுச்சு, ஐயர் நின்னார், தூக்கினவன் நாலு பேரும் சிம்மாசனத்தைப் படியிலயே வச்சுட்டான். அவ சிரிக்கறா, சிரிக்கறா, சிங்கத்துமேல சாய்ஞ்சு சிரிக்கறா. அடங்கினதும் குனிஞ்சு புடவையைத் தொட்டுப் பாத்தா. என்னைப் பாத்துக் கத்தினா: "என்னங்க! ஒரு சொட்டு வரலைங்க!"

நான் விடுவேனா? அந்த மரியாதைய நான் எத்தனை வருஷமா காப்பாத்தியிருக்கேன். கையைத் தூக்கி எல்லாருக்கும் கேக்கற மாதிரி, அசெம்பிளியில பேசற குரல்ல சொன்னேன்: "கண்ணீர்! ஆனந்தக் கண்ணீர் ஒரு சொட்டு வரலைன்னு சொல்றா!"

அரசி எழுந்து நின்னா. "கண்ணீர் இல்லைங்க, மூத்திரம்"னா. நிதானமா சொன்னா சார், மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி. "எனக்கு முட்டி வலியும் இல்ல, தோள் வலியும் இல்ல. எனக்கு மார்புல கேன்சர் வந்துச்சு, ஒரு மார்பை எடுத்துட்டாங்க. அப்புறம் சிரிச்சா மூத்திரம் வந்துச்சு, அதுக்குத்தான் மதுரைக்குப் போறேன்"னா. சொல்லிட்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மிச்சப் படியை மளமளன்னு ஏறிப் போயிட்டா.

அப்ப என் மச்சான் நெஞ்சைத் தொட்டுக்கிட்டுச் சொன்னார்: "பாத்தீங்களா மாப்பிள்ளை, எண்ணெய் வேலை செஞ்சிடுச்சு!" இன்னி வரைக்கும் அவர் அதைத்தான் நம்பறார். கேட்டா உங்களுக்கும் ஒரு பாட்டில் தருவார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கறீங்க? பந்தியில யாரையும் நிமிந்து பாக்கல. இலையில வடை வச்சானா இல்லையான்னே தெரியல. அந்தப் பக்கம் பாத்தா, அரசியைச் சுத்திப் பொம்பளைங்க கூட்டம், குசுகுசுன்னு. எங்க சம்பந்தியம்மா, என் மகனோட மாமியார், எந்த விசேஷத்துக்கு வந்தாலும் வாசப்பக்கமே உட்கார்ந்துட்டு முதல் ஆளா கிளம்பிப் போறவங்க, திமிருன்னு நான் நினைச்சிருந்தேன். அவங்க அரசி கையைப் பிடிச்சுக்கிட்டு விடல. அன்னிக்கு ஆரம்பிச்சது. இன்னிக்கு எதுக்கு நான் வேன் எடுத்துட்டு வந்திருக்கேங்கறீங்க? உள்ள அரசி மட்டுமில்ல. சம்பந்தியம்மா, மச்சான் சம்சாரம், அந்த ஜெயராணி, நாலு பேரும் உள்ளதான் இருக்காங்க. அந்தச் சிரிப்புச் சத்தம் கேக்குதுல்ல? அதுதான். முட்டின்னு சொன்னவனுக்கு வந்த வினையப் பாருங்க, டிரைவர் ஆயிட்டேன்.

ஆனா அதில்ல சார் விஷயம். அன்னிக்குக் கல்யாணம் முடிஞ்சு ரெண்டு பேரும் பைக்குல திரும்பி வர்றோம். எனக்குக் கோபம். ஊர் முன்னாடி இப்படிப் பண்ணிட்டாளேன்னு. பெரிய கண்மாய் தாண்டினதும் பின்னாடி உட்கார்ந்திருந்தவ மெதுவா சொன்னா. "ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப எனக்குச் சாவு பயமே இல்லைங்க. நான் செத்துப் போனா, எதுல செத்தேன்னு கேக்கறவங்ககிட்ட நீங்க தோள் வலியில செத்தான்னு சொல்லுவீங்களேன்னு நினைச்சேன். அதுதான் எனக்கு அழுகையா வரும்."

சொல்லியிருப்பேன் சார். யோசிச்சுப் பாத்தேன், கண்டிப்பா அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

எனக்கு ரோடு தெரியல. கண்ணு ரெண்டும் மறைச்சுக்கிட்டு வந்துடுச்சு. வண்டிய ஓரமா நிறுத்திட்டேன். "என்னங்க ஆச்சு?"ன்னா. திரும்பாம, "பெட்ரோல் தீந்துபோச்சு"ன்னேன்.

அவ இறங்கி, பட்டுப்புடவையை இடுப்புல செருகிக்கிட்டா. நான் முன்னாடி ஹேண்டிலைப் பிடிக்க, அவ பின்னாடி ஒரு கையை வச்சு, அந்த வெயில்ல வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்தோம். அன்னிக்குக் காலையில பங்க்குல டேங்கை நிரப்பினப்ப, காசைக் கொடுத்ததே அவதான் சார்.